குதியா, முன்பாதமா? ஓடும் விதமும் சப்பாத்தும் கணுக்காலில் செய்யும் வேலை

தை பிறந்தால் யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளில் இல்ல மெய்வல்லுநர் போட்டிகள் களைகட்டத் தொடங்கும். மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு விழும் முன்பே வீடுகளில் கேள்வி வந்துவிடும்: பிள்ளைக்கு அடியில் ஆணி வைத்த ஸ்பைக்ஸ் வாங்குவதா, தடித்த அடி வைத்த ஓட்டச் சப்பாத்து வாங்குவதா, அந்தக் காலம் மாதிரி வெறுங்காலோடு ஓட விடுவதா? பண்ணைக் கடற்கரைப் பக்கம் காலையில் ஓடுகிற பெரியவர்களுக்கும் இதே குழப்பம்தான். குதியை ஊன்றி ஓடினால் முழங்கால் போய்விடும் என்கிறது ஒரு காணொளி. முன்பாதத்தில் ஓடினால் குதிக்குப் பின்னால் இருக்கும் நாண் அறும் என்கிறது இன்னொன்று. இதற்கிடையில் உலக மெய்வல்லுநர் சம்மேளனம் 2024 நவம்பர் முதல் ஓடுதள ஓட்டங்களுக்குச் சப்பாத்தின் அடித் தடிப்பு 20 மில்லிமீற்றரைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறது. வீதி ஓட்டத்துக்கு 40 மில்லிமீற்றர் வரை அனுமதி.

ஒன்றுக்கொன்று முரணாகத் தெரியும் இந்தச் செய்திகளுக்குப் பின்னால் ஒரே விடயம்தான் இருக்கிறது. ஓடும் விதத்தையோ சப்பாத்தையோ மாற்றினால் காலில் விழும் சுமை இல்லாமல் போவதில்லை, ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகிறது. போய்ச் சேரும் இடம் பெரும்பாலும் கணுக்கால். அந்த இடத்துக்குப் பழக அவகாசம் கிடைத்ததா இல்லையா என்பதுதான் காயத்தைத் தீர்மானிக்கிறது.

கணுக்காலில் இரண்டு மூட்டுகள்

கணுக்கால் என்று பொதுவாகச் சொன்னாலும் அங்கே ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு மூட்டுகள் வேலை செய்கின்றன.

1. மேல் மூட்டு. முழங்காலுக்குக் கீழே உள்ள இரண்டு எலும்புகளின் நுனிகள் சேர்ந்து ஒரு கவை போல நிற்கின்றன. காலின் உட்புறமும் வெளிப்புறமும் தட்டுப்படுகிற மொளிகள் அந்தக் கவையின் இரு பக்கங்கள். அதற்குள் தாலஸ் என்ற எலும்பு பொருந்தி, பாதத்தை மேலும் கீழுமாக அசைய விடுகிறது. பாதத்தை மேலே தூக்கக்கூடிய அளவு 10 முதல் 20 பாகை. கீழே நீட்டக்கூடியது 40 முதல் 50 பாகை.

2. கீழ் மூட்டு. தாலஸுக்கும் அதற்குக் கீழே உள்ள குதி எலும்புக்கும் நடுவில் இருப்பது. பாதம் பக்கவாட்டில் சாய்வது பெரும்பாலும் இங்கேதான். உள்ளங்கால் உட்பக்கம் பார்க்கும்படி மடிவதை இந்தக் கட்டுரையில் உள்மடிவு என்றும், பாதவளைவு தாழ்ந்து குதி வெளிப்பக்கம் சரிவதை வெளிச்சாய்வு என்றும் சொல்லுவோம். ஊன்றியவுடன் சிறிதளவு வெளிச்சாய்வு எல்லோருக்கும் வரும். அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் வழிகளில் அதுவும் ஒன்று, நோயல்ல.

மேல் மூட்டில் கவனிக்க வேண்டிய ஒரு அமைப்பு உண்டு. தாலஸ் எலும்பு முன்பக்கம் அகலமாகவும் பின்பக்கம் ஒடுக்கமாகவும் இருக்கிறது. பாதம் மேலே தூக்கி இருக்கும்போது அகலமான பகுதி கவைக்குள் வந்து இறுகி நிற்கும். பாதம் கீழே நீண்டிருக்கும்போது ஒடுக்கமான பகுதிதான் கவைக்குள் இருக்கும், மூட்டில் ஆட்டம் கூடும். பாய்ந்து முன்பாதத்தில் விழும்போது அதிகம் சுளுக்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சுமை எவ்வளவு?

பின்னங்காலில் குதிக்கு மேலே கயிறு மாதிரித் தட்டுப்படுவது குதிநாண். வைத்தியர்கள் அக்கிலிஸ் தசைநாண் என்பார்கள். கெண்டைக்கால் தசைகள் இந்த நாண் வழியாகத்தான் குதி எலும்பை இழுக்கின்றன. ஓட்டத்தில் இதில் விழும் இழுவையை ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம்.

கிணற்றுத் துலாவை நினைத்துக்கொள்ளுங்கள். ஆடுகாலுக்கு ஒரு பக்கம் நீண்ட கை, மறுபக்கம் குட்டைக் கை. நீண்ட கையின் நுனியில் தொங்கும் பட்டைத் தண்ணீரைச் சமன் செய்யக் குட்டைக் கையில் அதைவிடப் பல மடங்கு பாரம் வேண்டும். பாதத்தில் ஆடுகால் கணுக்கால் மூட்டு. முன்பாதம் நீண்ட கை, குதி குட்டைக் கை.

1. 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஓடும்போது தரை அவரைத் திருப்பித் தள்ளும் உச்ச விசை உடல் எடையின் சுமார் இரண்டரை மடங்கு. அதாவது 150 கிலோ பாரத்துக்குச் சமம்.

2. மூட்டிலிருந்து முன்பாதம் வரை ஏறக்குறைய 13 சென்ரிமீற்றர், மூட்டிலிருந்து குதிநாண் வரை ஏறக்குறைய 5 சென்ரிமீற்றர் என்று வைத்துக்கொண்டால், நாண் இழுக்க வேண்டியது 150 கிலோவின் இரண்டரை மடங்குக்கும் மேல். கிட்டத்தட்ட 390 கிலோ, உடல் எடையின் ஆறரை மடங்கு.

3. தரை மேலே தள்ளுகிறது, நாணும் மேலே இழுக்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற மூட்டு இரண்டின் கூட்டுத்தொகையையும் தாங்குகிறது. அது உடல் எடையின் ஒன்பது மடங்கு.

சாதாரண ஓட்டத்தில் ஒரு கிலோமீற்றருக்குச் சுமார் ஆயிரம் அடி வைப்போம். ஒவ்வொரு காலுக்கும் ஐந்நூறு முறை இந்தச் சுமை. ஒரு ஊன்றல் கால் செக்கனில் முடிந்துவிடும்.

இதைக் கேட்டுப் பயப்படத் தேவையில்லை. குதிநாண் இதற்கென்றே அமைந்தது. இழுபடும்போது சக்தியைச் சேமித்து, உந்தும்போது பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுக்கிறது. 1987இல் வெளிவந்த ஓர் அளவீட்டின்படி, 70 கிலோ எடையுள்ள ஒருவர் ஓடும்போது ஒவ்வொரு ஊன்றலிலும் உள்ளே போய் வெளியே வரும் சுமார் 100 ஜூல் சக்தியில் 35 ஜூலைக் குதிநாணும் 17 ஜூலைப் பாதவளைவும் சேமித்துக் கொடுக்கின்றன. ஓடுவதற்கு வேண்டிய சக்தியில் பாதியளவு, தசை புதிதாகச் செலவழிக்காமலே கிடைத்துவிடுகிறது.

தசை சில வாரங்களில் பலப்படும். நாணும் எலும்பும் அப்படியல்ல, அவற்றுக்கு மாதக்கணக்கு வேண்டும். ஓட்டக்காயங்களில் பெரும்பங்கு இந்த இடைவெளியில்தான் வருகிறது. மூச்சும் தசையும் தயாராகிவிட்டதால் ஓடுபவர் தூரத்தைக் கூட்டிவிடுகிறார். நாண் இன்னும் பின்னால் நிற்கிறது.

பாதத்தின் எந்தப் பகுதி முதலில் ஊன்றுகிறது?

குதி ஊன்றல், நடுப்பாத ஊன்றல், முன்பாத ஊன்றல் என்று மூன்று வகை. சப்பாத்தோடு நெடுந்தூரம் ஓடுபவர்களில் பெரும்பாலோர் குதி ஊன்றிகள். ஜப்பானின் சப்போரோ அரை மரதனில் 15ஆவது கிலோமீற்றரில் படம்பிடித்துப் பார்த்தபோது முன்னணி ஓட்டக்காரரிலேயே முக்கால்வாசிப் பேர் குதியைத்தான் முதலில் வைத்தார்கள். குதி ஊன்றுவது பிழையான ஓட்டம் என்ற பேச்சுக்கு இதுவே பதில்.

குதி ஊன்றும்போது பாதம் மேலே தூக்கியபடி தரையைத் தொடுகிறது. முழங்காலுக்குக் கீழே முன்னங்கால் எலும்போடு ஒட்டி ஓடும் தசை பாதத்தை மெதுவாகக் கீழே இறக்கிவிட வேண்டும். புதிதாக ஓடத் தொடங்குபவர்களுக்கு முன்னங்கால் வலிப்பதற்கு இந்தத் தசையின் களைப்பும் ஒரு காரணம். ஊன்றிய சில மில்லிசெக்கன்களில் கூரான ஒரு அதிர்ச்சி மேலே போகிறது. சுமையின் கூடுதல் பங்கை முழங்காலும் தொடையின் முன்தசையும் வாங்குகின்றன.

முன்பாதம் ஊன்றும்போது கதை மாறும். கெண்டைத் தசை தரையைத் தொட்ட கணத்திலேயே இழுபடத் தொடங்குகிறது. அந்தக் கூரான முதல் அதிர்ச்சி மழுங்கிப்போகும், முழங்காலுக்கு ஆறுதல். ஆனால் கணக்கைக் குதிநாண் கட்டுகிறது. 2013இல் பின்லாந்து ஆய்வாளர்கள் இரு வகையினரையும் ஒப்பிட்டபோது, குதிநாணின் உச்ச விசை குதி ஊன்றிகளில் உடல் எடையின் 5 மடங்களவாகவும் முன்பாதம் ஊன்றுபவர்களில் 6 மடங்குக்கு மேலாகவும் இருந்தது. முழங்கால் சிரட்டைக்குப் பின்னால் விழும் அழுத்தம் முன்பாதக்காரருக்குச் சுமார் 15 வீதம் குறைவு. ஒரு பக்கம் இறங்கியது, மறுபக்கம் ஏறியது.

ஆகவே முழங்கால் வலியால் அவதிப்படும் ஒருவர் கொஞ்சம் முன்னே ஊன்றப் பழகுவதில் நியாயம் இருக்கிறது. குதிநாண் வலி உள்ளவர் அதே ஆலோசனையைக் கேட்டால் வலி கூடும். இரண்டு வலியும் இல்லாதவருக்கு, இயல்பான ஊன்றலை மாற்றச் சொல்ல வலுவான காரணம் எதுவும் இல்லை.

ஊன்றும் பகுதியை விட எளிதாகத் திருத்தக்கூடியது அடி வைக்கும் தூரம். உடலுக்கு வெகு முன்னால் காலை நீட்டி வைத்தால் ஒவ்வொரு அடியும் வேகத்தடைதான். நிமிடத்துக்கு வைக்கும் அடிகளை 5 முதல் 10 வீதம் கூட்டினால் அடி தானாகக் குறுகும், முழங்காலிலும் இடுப்பிலும் விழும் சுமை குறையும். நிமிடத்துக்கு 180 அடி என்று எல்லோருக்கும் விதிபோலச் சொல்லப்படுவது 1984 லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் முன்னணி வீரர்களைப் பார்த்து எடுத்த கணக்கு. காலையில் ஆறுதலாக ஓடும் ஒருவருக்கு அது இலக்கு அல்ல.

சப்பாத்து மாற்றுவது எதை?

விலையும் வர்ணமும் ஒருபுறம் இருக்கட்டும். கணுக்காலைப் பொறுத்தவரை மூன்று அளவுகள் முக்கியம்.

1. குதி உயர்வு. குதியின் கீழுள்ள தடிப்புக்கும் முன்பாதத்தின் கீழுள்ள தடிப்புக்கும் இடையிலான வித்தியாசம் இது. வழமையான ஓட்டச் சப்பாத்தில் 10 மில்லிமீற்றர் அளவில் இருக்கும். வெறுங்கால் பாணிச் சப்பாத்தில் பூச்சியம் முதல் 4 வரை. 10 மில்லிமீற்றர் என்பது கணுக்காலில் மூன்று, நான்கு பாகை வித்தியாசம். சின்னதுதான். ஆனால் பல வருடம் உயர்ந்த குதியில் பழகிய கெண்டைத் தசையும் நாணும் ஒரே நாளில் தட்டையான சப்பாத்துக்குப் போனால், அந்த மூன்று பாகையைக் கிலோமீற்றருக்கு ஐந்நூறு முறை கூடுதலாக நீள வேண்டும்.

2. அடியின் தடிப்பும் மென்மையும். தடித்த அடி பாதத்தைத் தரையிலிருந்து தூக்கி வைக்கிறது. பக்கவாட்டில் சரியும்போது அந்த உயரம் நெம்புகோலாகி, உள்மடிவைக் கூட்டிவிடும். பாதத்தின் அடியால் தரையை உணர்வதும் குறையும். செம்மண் ஒழுங்கையில் கல்லொன்றில் கால் பட்டால் மெல்லிய அடியில் உடனே தெரியும். மென்மையான 40 மில்லிமீற்றர் அடியில் தெரிய வரும்போது கால் மடிந்திருக்கும். அதற்காக மென்மையே கூடாது என்பதில்லை. நேரான தார் வீதியில் நீண்ட தூரம் ஓடும் ஒருவருக்கு அது உண்மையான ஆறுதல்.

3. விறைப்பு. 2017இல் நைக்கி நிறுவனம் கொண்டுவந்த கார்பன் தகடு வைத்த சப்பாத்து மரதன் ஓட்டத்தையே மாற்றியது. 2018இல் வெளிவந்த பரிசோதனையில் சக்திச் செலவு சராசரியாக 4 வீதம் குறைந்தது. கென்ய மரதன் வீரர் எலியுட் கிப்சோகே 2019 ஒக்டோபரில் வியன்னாவில் 1 மணி 59 நிமிடம் 40 செக்கனில் மரதன் தூரத்தை ஓடி முடித்தபோது காலில் இருந்ததும் இந்த வகைதான். தகடு, விரல்களின் அடிமூட்டு மடியாமல் பிடிக்கிறது. நன்மையில் பெரும்பங்கு தகட்டைவிட, அடியில் அமுங்கி மீளும் மெத்தைப் பொருளிலிருந்து வருகிறது. சம்மேளனம் வரம்பு வைத்ததும் அதனால்தான்: அடி தடிக்கத் தடிக்க மெத்தைக்கு இடம் கூடும், போட்டி ஓட்டக்காரர்களுக்கிடையே நடக்காமல் சப்பாத்துகளுக்கிடையே நடக்கும். நாளுக்கு ஐந்து கிலோமீற்றர் ஓடுபவருக்கு இந்தச் செலவு தேவையில்லை என்பதே என் அபிப்பிராயம்.

ஸ்பைக்ஸ் இந்த மூன்று அளவிலும் மறுமுனையில் நிற்கிறது. குதி தாழ்ந்தது, அடி மெல்லியது, முன்பகுதி விறைப்பானது. அதைப் போட்டால் முன்பாதத்தில்தான் ஓட முடியும், கெண்டைக்கால் முழு நேரமும் வேலை செய்யும். விரைவோட்டத்துக்கு அதுதான் வேண்டும். ஆனால் வருடம் முழுவதும் செருப்பிலும் பாடசாலைச் சப்பாத்திலும் இருந்த பிள்ளைக்குப் போட்டிக்கு முதல் வாரம் ஸ்பைக்ஸ் வாங்கிக் கொடுத்து 100, 200, அஞ்சலோட்டம் என்று ஓட விடுவது அந்த நாணுக்குச் செய்யும் அநியாயம்.

பாதவளைவைப் பார்த்து இன்ன பாதத்துக்கு இன்ன சப்பாத்து என்று தேர்ந்தெடுப்பது பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்க இராணுவப் பயிற்சியில் சேர்ந்தவர்களுக்கு அப்படிப் பிரித்துக் கொடுத்துப் பார்த்தார்கள். காயங்கள் குறையவில்லை. போட்டு ஓடும்போது இதமாக இருப்பதே இன்றுவரை நம்பக்கூடிய அளவுகோல்.

வெறுங்கால் நல்லதா?

எதியோப்பியாவின் அபேபே பிகிலா 1960 ரோம் ஒலிம்பிக் மரதனை வெறுங்காலோடு வென்றார். 1964இல் டோக்கியோவில் சப்பாத்துப் போட்டு மறுபடி வென்றார். இரண்டு பக்கத்தாரும் அவரைத் தங்கள் சாட்சியாக அழைப்பார்கள்.

2010இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வுதான் இந்த விவாதத்தைப் பெரிதாக்கியது. சிறுவயதிலிருந்து வெறுங்காலோடு ஓடிப் பழகிய கென்யர்கள் பெரும்பாலும் முன்பாதத்தை ஊன்றுகிறார்கள், அவர்களுக்கு அந்தக் கூரான அதிர்ச்சி இல்லை என்று அது காட்டியது. பிறகு 2013இல் கென்யாவின் வடக்கே டாசனாச் மக்களிடம் பார்த்தபோது, வெறுங்காலோடு வாழ்பவர்களாக இருந்தும் ஆறுதலான வேகத்தில் அவர்களில் பெரும்பாலோர் குதியைத்தான் ஊன்றினார்கள். வேகம், தரை, பழக்கம் எல்லாம் சேர்ந்தே ஊன்றலைத் தீர்மானிக்கின்றன.

அந்த அலையில் விரல் விரலாகப் பிரிந்த மெல்லிய சப்பாத்துகள் உலகெங்கும் விற்றன. அவற்றை விற்ற விப்ரம் நிறுவனம், சுகநலன் பற்றிய விளம்பர வாக்குறுதிகளுக்கு ஆதாரம் போதாது என்று தொடுக்கப்பட்ட வழக்கை 2014இல் 37 இலட்சத்து 50 ஆயிரம் டொலருக்குச் சமரசம் செய்தது. 2013இல் வந்த இன்னோர் ஆய்வில், வழமையான சப்பாத்திலிருந்து இந்த வகைக்கு 10 வாரத்தில் மாறிய 19 பேரில் 10 பேருக்குப் பாத எலும்புகளுக்குள் அழுத்தத்தால் வரும் வீக்கம் எம்.ஆர்.ஐ. படத்தில் தெரிந்தது. பத்து வாரமே போதாத அவகாசமாக இருந்திருக்கிறது.

நீரிழிவு உள்ளவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் வெறுங்கால் ஓட்டம் கூடவே கூடாது. குத்திய முள்ளோ கண்ணாடித் துண்டோ தெரியாமலே புண்ணாகிவிடும்.

எங்கள் தரை

யாழ்ப்பாணத்தில் மலை இல்லை, ஏற்ற இறக்கமில்லாத ஓட்டம். கணுக்காலுக்கு அது நல்லது. ஆனால் வீதியின் சாய்வை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. மழைத்தண்ணீர் வழிந்தோட வீதிகள் நடுவில் உயர்ந்து இரு ஓரமும் தாழ்ந்திருக்கும். இடப்பக்கம் வாகனம் ஓடும் நாட்டில், எதிரே வருவதைப் பார்த்தபடி ஓடுவதற்கு வலது ஓரத்தில் ஓட வேண்டும், பாதுகாப்புக்கு அதுவே சரி. அப்போது வலது பாதம் தாழ்ந்த பக்கம் உள்மடிவில் நிற்கும், இடது பாதம் வெளிச்சாய்வில் நிற்கும். திரும்பி வரும்போதும் வலது ஓரத்தையே பிடித்தால் சாய்வு மாறுவதில்லை, அதே கால்தான் மறுபடியும் தாழ்கிறது. ஒரே காலில் மட்டும் கணுக்கால் வலி வருபவர்கள் இதை யோசித்துப் பார்க்க வேண்டும். வாரத்தில் சில நாள்களை மைதானத்துக்கு மாற்றுவதே சுலபமான வழி.

கசூரினா போன்ற கடற்கரை மணலில் ஓடுவது மென்மையாகத் தோன்றும். மணலில் ஓட, இறுகிய தரையை விடச் சுமார் 1.6 மடங்கு சக்தி செலவாகும் என்று 1998இல் அளந்திருக்கிறார்கள். குதி புதைய, கணுக்கால் கூடுதலாக மடிகிறது. நாண் திருப்பித் தரும் சக்தியை மணல் விழுங்கிவிட, கெண்டைத் தசை எல்லாவற்றையும் புதிதாக உழைக்க வேண்டியிருக்கிறது. பயிற்சியாக நல்லது, நாண் வலி உள்ளவர்களுக்கு ஆகாது.

பிள்ளைகளின் குதி வலி

வளரும் பிள்ளைகளின் குதி எலும்பின் பின்பக்கத்தில் வளர்ச்சித் தட்டு என்ற மென்மையான பகுதி இருக்கும். 14, 15 வயதளவில் அது எலும்போடு இறுகிவிடும். அதற்கு முன், உயரம் வேகமாகக் கூடும் காலத்தில் எலும்பு நீள்கிற வேகத்துக்குத் தசை நீள்வதில்லை, குதிநாண் அந்தத் தட்டைப் பிடித்து இழுத்தபடி இருக்கும். அந்த நேரத்தில் போட்டிப் பயிற்சியும் ஸ்பைக்ஸும் சேர்ந்தால் குதியின் பின்புறம் நோகும். பிள்ளை நுனிக்காலில் நொண்டி நடக்கும். குதியின் இரு பக்கத்தையும் விரல்களால் அமுக்கினால் துள்ளும்.

இது பிள்ளை சாட்டுச் சொல்வதல்ல. ஓட்டத்தைக் குறைத்து, கொஞ்சம் உயர்ந்த மென்மையான குதியுள்ள சப்பாத்தைப் போட்டால் பெரும்பாலும் தானாக அடங்கிவிடும். பயிற்சி கொடுக்கும் ஆசிரியர்களும் பெற்றோரும் இதை அறிந்திருந்தால் பல பிள்ளைகள் வலியோடு ஓட வேண்டியிருக்காது.

மாற்றுவதானால்

1. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். புதுச் சப்பாத்து, புது ஊன்றல், கூடுதல் தூரம் மூன்றும் ஒரே மாதத்தில் வேண்டாம்.

2. புதியதை முதலில் வாரத்தில் ஓரிரு நாள், சில நிமிடங்களுக்கு மட்டும் போடுங்கள். மிச்ச ஓட்டம் பழையதிலேயே. முழுதாக மாற மாதங்கள் எடுக்கட்டும்.

3. கெண்டைக்காலைப் பலப்படுத்துங்கள். படியின் விளிம்பில் முன்பாதத்தை வைத்து, இரு காலாலும் எழும்பி, ஒரு காலால் மெதுவாகக் குதியைத் தாழ்த்தும் பயிற்சி 1998 முதல் குதிநாண் வலிக்குச் சிகிச்சையாகவே இருக்கிறது. 15 தடவை வீதம் மூன்று முறை, நாளுக்கு இரு வேளை, 12 வாரம் என்பது அதன் அளவு.

4. காலையில் கட்டிலால் இறங்கும்போது குதிநாண் விறைத்து நொந்தால் அது முதல் எச்சரிக்கை. அந்த வாரம் தூரத்தைக் குறையுங்கள்.

கணுக்கால் மடிந்துவிட்டால்

சுளுக்கில் பெரும்பாலும் பாதிக்கப்படுவது வெளிப்புற மொளிக்கு முன்னால் உள்ள இணைப்புநார். முதல் இரண்டு நாள் எண்ணெய் பூசி அழுத்தி உருவ வேண்டாம், உள்ளே இரத்தக் கசிவும் வீக்கமும் கூடும். துணி சுற்றி அளவாகக் கட்டி, காலை உயர்த்தி வைத்து, தாங்கக்கூடிய அளவுக்கு மெல்ல அசைக்கலாம்.

எலும்பு முறிவு இருக்குமோ என்று பார்க்க உலகெங்கும் வைத்தியர்கள் பயன்படுத்தும் எளிய விதிகள் உண்டு. மடிந்த உடனேயும், பிறகு வைத்தியரிடம் போகும்போதும் நான்கு அடி வைக்க முடியவில்லை என்றால், அல்லது இரு மொளிகளில் ஒன்றின் பின் விளிம்பையோ நுனியையோ அமுக்கும்போது எலும்பிலேயே நொந்தால், அல்லது சின்ன விரலுக்கு நேரே பாதத்தின் வெளிவிளிம்பின் நடுவில் துருத்தும் எலும்பு அல்லது பாதத்தின் உட்புறம் வளைவின் உச்சியில் உள்ள எலும்பு நொந்தால், எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

வீக்கம் வற்றியதோடு விடயம் முடிவதில்லை. முழங்கால் தேய்வு போலன்றி, கணுக்கால் மூட்டுத் தேய்வு பெரும்பாலும் பழைய காயத்திலிருந்தே வருகிறது. மடிந்த கணுக்கால் தான் எந்த நிலையில் இருக்கிறது என்பதை உணரும் திறனைக் கொஞ்சம் இழந்திருக்கும், அதனால்தான் ஒருமுறை சுளுக்கியது மறுபடி சுளுக்குகிறது. ஒற்றைக் காலில், பிறகு கண்ணை மூடி, நிற்கப் பழகுவது இதைத் திருப்பிக் கொண்டுவரும். ஓடுதளத்தின் வளைவில் உடல் இடப்பக்கம் சாயும்போது வலது கணுக்கால் உள்மடிவுக்குப் போகும் என்பதால் வளைவோட்டத்தைக் கடைசிக்கு விட வேண்டும். ஒற்றைக் காலில் ஆட்டமில்லாமல் நிற்பது, ஒற்றைக் காலில் குதியைத் தூக்கி எழும்புவது, ஒற்றைக் காலில் துள்ளுவது ஆகிய மூன்றும் நோவில்லாமல் வந்த பிறகே 200 மீற்றருக்கும் அஞ்சலோட்டத்துக்கும் பிள்ளையை இறக்கலாம்.